பதினோரு பேர்

கேள்வி கேட்க வந்தவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பதில் சொல்ல வேண்டியவருக்கு நாற்பத்தாறு.

வந்தவர் பெயர் தெய்வசிகாமணி. நாச்சிமலையின் உச்சியில், பஸ் திரும்புகிற கடைசி ஊரான எருக்கம்பட்டில், அரசு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். அதற்கு முன் ஒன்பது வருஷம் மலையின் நடுவில் உள்ள கூட்டாற்றில் உதவி ஆசிரியராக இருந்தார். அங்கே தலைமையாசிரியர் திலகவதி. பதவி உயர்வில் மேலே போன பிறகும், ஏதாவது பிடிபடவில்லை என்றால் பஸ் ஏறி அவரிடம் இறங்கி வந்துவிடுவார். திலகவதி ஒரு தடவையும் நேராகப் பதில் சொன்னதில்லை. இருந்தாலும் வருவார்.

இந்த முறை அவர் வந்தது கீழிருந்து. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் டைபாய்டு காய்ச்சலில் கிடந்துவிட்டு, காலை முதல் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். கூட்டாற்றில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டார். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது.

திலகவதி பள்ளி வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மேல போகலையா சார்?"

"உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இன்னும் ஒரு வாரம் படுத்திருக்கச் சொன்னார். படுக்கிற நிலைமையா டீச்சர் அங்க?"

பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி எழுதியது. இரண்டும் மெமோ. ஒன்று தனக்கோட்டி என்கிற ஆசிரியருக்கு. இன்னொன்று நர்மதா என்கிற ஆசிரியைக்கு. எருக்கம்பட்டில் அவரைத் தவிர இருப்பது அந்த இரண்டு பேர்தான்.

"படிச்சுப் பாருங்க. அப்புறம் கேக்கறேன்."

நடந்தது இதுதான்.

எருக்கம்பட்டுப் பள்ளியில் அறுபத்து மூன்று பிள்ளைகள். எல்லாம் தெய்வசிகாமணியின் கையில். காலையில் கதவைத் திறப்பது அவர். மணி அடிப்பது அவர். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் கணக்கு எடுப்பது அவர். சத்துணவு முட்டையை பஸ்ஸிலிருந்து இறக்குவார். குழாய் அடைத்துக்கொண்டால் கம்பியை விட்டுக் குத்துவார். சிக்னல் கிடைக்கிற பாறையின் மேல் ஏறி நின்று, வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்றுவார். நாலு வருஷமாக ஒரு நாள் லீவு போட்டதில்லை. மற்ற இரண்டு பேரும் மோசமானவர்கள் இல்லை. சொன்னதைச் செய்வார்கள்.

கார்த்திகை மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மயங்கி விழுந்தார். ஊர்க்காரர்கள் ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கீழே கொண்டுபோனார்கள். சாவிக்கொத்து அவருடைய பேன்ட் பாக்கெட்டில் போய்விட்டது.

திங்கட்கிழமை பள்ளி திறக்கவில்லை. பிள்ளைகள் வந்து தாழ்வாரத்துச் சாரலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். செவ்வாயும் அப்படியே. பூட்டை உடைக்கலாமா என்று நர்மதா கேட்டாள். ஹெச்.எம். உத்தரவு இல்லாமல் எப்படி என்றார் தனக்கோட்டி. ஹெச்.எம்.முக்கு நினைவே இல்லை. வியாழக்கிழமைவரை இப்படிப் போயிற்று.

வருஷா வருஷம் காப்பிப் பழம் பறிக்கக் குடகுக்கு ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரியின் வேன் புதன்கிழமை ஊருக்கு வந்தது. பெரியவர்கள் மட்டும் போவார்கள், பிள்ளைகளைப் பாட்டன் வீட்டில் விட்டுவிட்டு. பள்ளிக்கூடத்தில் சோறும் முட்டையும் கிடைக்கும் என்கிற தைரியம். இந்த முறை பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பதினோரு பிள்ளைகள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை, சத்துணவு சமைக்கிற ராமாயி யாரையும் கேட்காமல் அம்மிக் குழவியால் பூட்டை உடைத்தாள்.

திலகவதி இரண்டு தாளையும் படித்து முடித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுத்து அழகா இருக்கு."

"என்ன டீச்சர், விளையாடறீங்களா?"

"பூட்டின சாவி எங்க இருந்துச்சுன்னு இதுல எழுதலையே சார்."

தெய்வசிகாமணி தாள்களைப் பைக்குள் வைத்தார். பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

"எனக்கு முடியல டீச்சர். உடம்பைச் சொல்லல. நாலு வருஷமா ஓடிட்டிருக்கேன். ஒரு காய்ச்சல்ல எல்லாம் போச்சு. நான் நின்னா பள்ளிக்கூடம் நின்னுடுது. இந்த ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு நான் எப்படி நடத்தறது? அதைச் சொல்லுங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"மத்தியான பஸ்ஸுக்குப் போகாதீங்க. சாயங்காலம் போலாம்."

"ஏன்?"

"இன்னைக்கு இங்க உட்காருங்க."

ஒன்றாம் வகுப்பின் பின்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார். அங்கிருந்து முற்றமும் மற்ற வகுப்புகளும் சமையல் கூடமும் தெரியும்.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

ஒன்பது இருபதுக்கு அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. தெய்வசிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திலகவதியைப் பார்த்தார். அவர் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து 'ழ' எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மணி."

"ஆமா."

ஏழு நிமிஷம் கழித்து எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்து மணி அடித்தாள். இறைவணக்கம் தொடங்கியது. பாட்டின் இரண்டாவது அடி ஒரு பக்கம் மேலே போனது, ஒரு பக்கம் கீழே போனது. தெய்வசிகாமணி எழுந்தார்.

"உட்காருங்க சார்."

உட்கார்ந்தார்.

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று ஒருத்தி வந்து நின்றாள்.

"யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டார் திலகவதி.

"இன்பநாதன் சார்கிட்ட."

"அப்புறம் ஏன் இங்க நிக்கற?"

அவள் ஓடினாள். மோட்டார் ஓட ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்க் குழாய்க்குப் போய் வந்தார்கள். சட்டையெல்லாம் ஈரம். தெய்வசிகாமணிக்கு அந்த மோட்டாரைத் தெரியும். பச்சை ஒயரைக் கொஞ்சம் அசைத்தால் போதும். இரண்டு நிமிஷ வேலை. மறுபடியும் எழுந்தார்.

"சார்."

உட்கார்ந்தார்.

எதிர் வகுப்பில் ஒரு புது ஆசிரியை கரும்பலகையில் வகுத்தல் கணக்குப் போட்டாள். மூன்றாவது வரியில் தப்பு. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த வகுப்பு முடியும்வரை தப்பு பலகையிலேயே இருந்தது. மணி அடித்த பிறகு, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபடி அந்த ஆசிரியை மறுபடி வகுப்புக்குள் போனாள். அடித்துவிட்டு மறுபடி போட்டாள்.

மத்தியானம் முட்டை இரண்டு குறைந்தது. சமையல்காரம்மாவும் ஒரு பையனின் அம்மாவும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசினார்கள். பிறகு சத்தம் நின்றது. எப்படித் தீர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. திலகவதி கேட்கவும் இல்லை.

மூன்றரை மணிக்கு அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"தண்ணி குடுங்க டீச்சர்."

திலகவதி செம்பைக் கொடுத்தார். "எத்தனை தடவை எழுந்தீங்க?"

"எண்ணல."

"பதினாலு."

"என் பள்ளிக்கூடத்துல நாள் பூரா நின்னுக்கிட்டே இருப்பேன். இந்த அலுப்பு வந்ததில்ல."

"வரும். எனக்கு முதல் வருஷம் காய்ச்சலே வந்துச்சு."

"இப்ப பழகிடுச்சா?"

"எங்க பழகுது? அந்த மணி ஏழு நிமிஷம் தாமதமானப்ப எனக்குக் கை பரபரன்னுச்சு. அதனாலதான் அந்தப் புள்ள கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். திலகவதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"நான் இந்த மலைக்கு வர்றதுக்கு முன்னாடி கீழ ஒரு ஊர்ல இருந்தேன். வானம் பார்த்த பூமி. ஊர்ல பாதி சனம் செங்கல் சூளைக்குப் போயிடும். உங்களுக்குச் சொன்னதில்ல."

"இல்ல."

"ஆறு வருஷம். பதினெட்டுப் புள்ளைங்க இருந்த பள்ளிக்கூடத்தை எழுபதாக்கினேன். வீடு வீடாப் போனேன். சுவருக்கு வண்ணம் அடிச்சேன். தோட்டம் போட்டேன். பாட்டு நான், கணக்கு நான், பஞ்சாயத்து நான். கலெக்டர் வந்து பார்த்துட்டுப் போனார். ஊர்ல என்னைச் சாமின்னாங்க."

"நல்லதுதானே?"

"மாத்தல் வந்துச்சு. இங்க வந்துட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன்."

திலகவதி குனிந்து கணுக்காலை அமுக்கிக்கொண்டார்.

"வகுப்புக்குள்ள ஆடு கட்டியிருந்தாங்க. நான் அடிச்ச வண்ணம் அப்படியே இருந்துச்சு சார். அது நல்ல பெயின்ட்."

தெய்வசிகாமணி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் கதவுகளைச் சாத்திப் பூட்டினார்கள். ஒருத்தி சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போனாள்.

"அந்தப் பதினோரு பேரை யார் கூட்டிட்டு வரப் போறாங்க?" என்று கேட்டார் திலகவதி.

"நான்தான் போகணும். அந்த ஊருக்கெல்லாம் அவங்க ரெண்டு பேரும் போக மாட்டாங்க. அப்பன் ஆத்தாளுக்கு என்னைத்தான் தெரியும்."

"எப்ப?"

"எப்படிப் போறது? திங்கக்கிழமை அரைப் பரீட்சை. பள்ளிக்கூடத்தை விட்டுட்டு..."

சொல்லி முடிக்கவில்லை. கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. திலகவதி எழுந்து செருப்பைத் தேடினார்.

"பஸ் வந்துடுச்சு சார்."

மறுநாள் எருக்கம்பட்டில், தெய்வசிகாமணி தனக்கோட்டியையும் நர்மதாவையும் உட்கார வைத்தார். இரண்டு பேரும் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். மெமோ வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ராமாயி கதவோரம் நின்றாள். அவளும் எதிர்பார்த்துத்தான் நின்றாள்.

"நான் குடகுக்குப் போறேன். வர ஒரு வாரம் ஆகும். லீவு இருக்கு. பரீட்சையை நீங்க நடத்துங்க."

தனக்கோட்டி நிமிர்ந்தார். "எப்படி நடத்தணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார். அப்படியே செஞ்சுடறோம்."

தெய்வசிகாமணி பேனாவைத் திறந்தார். யார் எந்த அறை, எந்த வகுப்பை எங்கே உட்கார வைப்பது, வினாத்தாள் கட்டை எப்போது பிரிப்பது. நாலு வரி எழுதினார். ஐந்தாவது வரியில் பேனா நின்றது. மூடிவிட்டார்.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்க."

"தப்பாப் போச்சுன்னா?" என்றாள் நர்மதா.

"போகும்."

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். காய்ச்சல் இன்னும் தலையிலிருந்து இறங்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

புதுப் பூட்டுக்கு மூன்று சாவி வாங்கி வந்திருந்தார். ஒன்றை நர்மதாவிடம் கொடுத்தார். ஒன்றைத் தனக்கோட்டியிடம் கொடுத்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு ராமாயியிடம் கொடுத்தார்.

"குழவி பத்திரம் ராமாயி" என்றார்.

நான்கு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பையில் மெமோ தாள்கள் இருந்தன. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பதினோரு பிள்ளைகளின் பெயரையும், மேஸ்திரி போனில் சொன்ன எஸ்டேட்டுகளின் பெயரையும் அதில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்.

சேலம் போய், மைசூர் போய், அங்கிருந்து குடகு. இரண்டு இரவு பஸ்ஸில் சாய்ந்தபடியே போயிற்று. ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் பெஞ்சைப் பார்த்ததும் படுக்கத் தோன்றியது. மாத்திரையை டீயில் விழுங்கினார்.

முதல் எஸ்டேட்டில் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். சடையன் என்பவரின் குடும்பம் அங்கே இருந்தது. அவர் மகள் வெண்ணிலா எட்டாம் வகுப்பு. காப்பிப் பழச்சாறு படிந்து விரல்களெல்லாம் கறுத்திருந்தன. வாத்தியாரைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஏன் சடையா, புள்ளையைக் கூட்டிட்டு வந்துட்ட?"

"பூட்டிட்டாங்கன்னாங்க சார்."

"நாலு நாள்தானே?"

"நாலு நாளா நாப்பது நாளான்னு எங்களுக்கு யாரு சொன்னாங்க? எங்கப்பனுக்குக் கண்ணு தெரியல. பள்ளிக்கூடம் சோறு போடும்னுதான் வருசா வருசம் விட்டுட்டு வர்றது. அதுவே பூட்டிக் கெடந்தா யாரை நம்பி விட்டுட்டு வர?"

தெய்வசிகாமணி பையைக் கீழே வைத்தார்.

"இப்ப திறந்திருக்கு."

"நீங்க இங்க நிக்கறீங்களே" என்றார் சடையன்.

அன்று சாயங்காலம்வரை அந்த வாசலில் உட்கார்ந்திருந்தார். சடையன் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் உட்கார்ந்திருந்தார். சடையனின் மனைவி ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். காலையில் சடையன் மகளின் துணியைப் பையில் கட்டினார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்களும் இரண்டு பிள்ளைகளை அனுப்பினார்கள்.

இரண்டாவது எஸ்டேட்டில் நான்கு பேர் கிடைத்தார்கள்.

மூன்றாவது எஸ்டேட் விராஜ்பேட்டையைத் தாண்டி உள்ளே. மீதி நான்கு பேர் அங்கே. ஏழு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அங்கே போக முடியாது. அவர்களுக்குச் சோறு வாங்கிக் கொடுத்ததில் கையில் இருந்ததும் தீர்ந்துவிட்டது. திரும்பினார்.

பஸ்ஸில் வெண்ணிலா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்."

"என்னம்மா?"

"நீங்க இங்க வந்துட்டீங்களே. அங்க இப்ப பள்ளிக்கூடம் பூட்டியிருக்குமா?"

தெய்வசிகாமணி செல்போனை எடுத்தார். தனக்கோட்டிக்குப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. நர்மதாவுக்குப் போட்டார். அதுவும் அப்படியே. சேலம் வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். அவள் மறுபடி கேட்கவில்லை. அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

எருக்கம்பட்டில் பஸ் திரும்பும்போது மணி பதினொன்று. பள்ளிக் கதவு திறந்திருந்தது.

பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. அவருடைய நாற்காலி வகுப்புக்குள் கிடந்தது. அதன் மேல் தண்ணீர்க் குடம். அவருடைய பீரோ திறந்து, கோப்புகள் தலைகீழாக அடுக்கியிருந்தன. வெளிக் குழாய் உடைந்து துணியால் கட்டியிருந்தது, தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பார்வையாளர் குறிப்பேட்டில் வட்டாரக் கல்வி அலுவலர் வந்துபோனதற்கான வரிகள். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் தாளுக்குப் பதில் சமூக அறிவியல் தாளைக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து மாற்றியிருக்கிறார்கள். அதை அலுவலர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

"யாரு இந்த..." என்று தொடங்கினார் தெய்வசிகாமணி.

தனக்கோட்டி வகுப்புக்குள்ளிருந்து வந்தார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்தார். முகத்தில் நாலு நாள் தாடி. தெய்வசிகாமணி அவரை இதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

"சார், எத்தனை பேரு?"

"ஏழு."

தனக்கோட்டி அந்த ஏழு பேரையும் பார்த்தார். உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "நர்மதா, எட்டாவதுல ரெண்டு தாள் எடுத்துட்டு வா. ஆறாவதுல மூணு. அஞ்சாவதுல ரெண்டு. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு, எழுதட்டும்."

"மொகம் கழுவிட்டு வரட்டும் சார்" என்றாள் நர்மதா உள்ளிருந்து.

"கழுவிட்டு வாங்கடா."

பிள்ளைகள் ஒழுகுகிற குழாய்க்கு ஓடினார்கள். தெய்வசிகாமணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் தாழ்வாரத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார். ராமாயி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"போய்ப் படுங்க சார். நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

அவர் போகவில்லை. பரீட்சை முடிந்து கடைசித் தாள் கட்டப்படும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க வேண்டும் போல இருந்தது. எழுந்திருக்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குகிற நாளில் கூட்டாற்றில் இறங்கினார். பள்ளி காலியாக இருந்தது. திலகவதி மட்டும் ஒன்றாம் வகுப்புச் சிலேட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணி பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

நடந்ததைச் சொன்னார். சடையன் வாசலைச் சொன்னார். கூட்டி வர முடியாத நாலு பேரைச் சொன்னார். மாற்றிக் கொடுத்த தாளைச் சொன்னார். சிவப்பு மையைச் சொன்னார்.

"தனக்கோட்டியைப் பார்த்தா வேற ஆள் மாதிரி இருக்கு டீச்சர். நேத்து என்கிட்ட வந்து, தை மாசத்துலேருந்து மணியை அரை மணி நேரம் தள்ளி அடிக்கலாமான்னு கேக்கறார். அடுத்த குக்கிராமத்துப் புள்ளைங்க ஓடை தாண்டி வர நேரமாகுதாம். நாலு வருஷமா அதைப் பார்த்திருக்கார். சொல்லவே இல்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நர்மதாகிட்டப் பேசுங்கன்னேன்."

"ம்."

சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"தப்பு நடக்குது. ஆனா பள்ளிக்கூடம் நடக்குது. நான் போய்த் தாழ்வாரத்துல உட்கார்ந்தேன். ஒரு புள்ளகூட என்னைத் தேடல டீச்சர்."

"ம்."

"சந்தோஷப்படணும். தெரியுது. ஆனா என்னமோ போல இருக்கு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். நான் இல்லாமலே எல்லாம் நடக்கும்னா..."

சிலேட்டைக் கீழே வைத்தார்.

"நான் அப்புறம் எதுக்கு டீச்சர்?"

திலகவதி கடைசிச் சிலேட்டை அடுக்கின் மேல் வைத்தார். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார். நிமிர்வதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மிச்சம் நாலு பேரு, அது எந்த எஸ்டேட்டுன்னு சொன்னீங்க?"